இராயனுக்கு உரியது எது? – ஜே. சி. குமரப்பாவின் வாழ்வும் ஒரு வினாவும்

திண்டுக்கல் மலைக்கோட்டையின் உச்சியில் நின்று கீழே நோக்குவார்க்கு இந்நகரின் வரலாறு ஒரு விரிப்பைப்போலத் தோன்றும். கோயில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் ஒன்றையொன்று அடுத்து நிற்க, அவற்றிற்கிடையே பூட்டும் சுருட்டும் தோலும் உழைப்பாளியின் கையால் உருப்பெற்ற தெருக்கள் நீண்டு கிடக்கின்றன. 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன், அடுத்த சில ஆண்டுகளுக்குள் திண்டுக்கல்லிலும் தன் பணியைத் தொடங்கியது. பள்ளியும் மருந்தகமும் சபையும் எழுந்தன. பின்னர், தோல் பதனிடும் தொழிற்கூடங்களில் செங்கொடி ஏறியது. அக்கொடி இவ்வூரில் இறங்கவேயில்லை. 2024ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலிலும் திண்டுக்கல் தொகுதி மார்க்சிஸ்ட் கட்சியின் வேட்பாளரையே தேர்ந்தெடுத்தது.

ஞாயிறு காலையில் வேதபுத்தகத்துடன் கோயிலுக்குச் செல்பவரும், மே நாளன்று செங்கொடியின் கீழ் நடப்பவரும் ஒரே மனிதராக இருப்பதை நம் ஊரார் இயல்பாகவே கொண்டுள்ளனர். ஆயின், செங்கொடி ஒரு சங்கத்தின் கொடியாக நில்லாது ஓர் அரசின் கொடியாக உயருமானால் அம்மனிதர் நிலை யாதாகும்? அரசு அவரது சபையை என்ன செய்யும்? சபை அவ்வரசுக்கு என்ன விடை கூறும்? இருபதாம் நூற்றாண்டில் உலகின் பெரும்பகுதியைக் கலக்கிய வினா இது.

இவ்வினாவின் எதிரே நின்ற தமிழர் ஒருவர் உண்டு. அவர் கிறித்தவர்; காந்தியடிகளின் பொருளியலுக்கு இலக்கணம் வகுத்தவர்; சீனத்தின் பொதுவுடைமை அரசையும் சோவியத் அரசையும் நேரில் கண்டு திரும்பியவர். தம் இறுதிக்காலத்தை அவர் கழித்த தே. கல்லுப்பட்டி, 1985இல் திண்டுக்கல் தனி மாவட்டமாகும்வரை நாமும் உள்ளடங்கியிருந்த அன்றைய மதுரை மாவட்டத்து ஊர். அவர்தாம் ஜே. சி. குமரப்பா.

கணக்கரின் கண் திறந்தது

1892 சனவரி 4ஆம் நாள் தஞ்சாவூரில், சீர்திருத்தச் சபையைச் சார்ந்த கிறித்தவக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ் என்பது பெற்றோர் இட்ட பெயர். தந்தையார் பொதுப்பணித் துறையில் பணிபுரிந்தவர். கல்வியும் கட்டுப்பாடும் சபை ஒழுக்கமும் நிறைந்த இல்லம் அது. சென்னையில் வித்யோதயா பள்ளியை நிறுவிய திருமதி அப்பாசாமி இவருடைய தமக்கையார். காந்திய அறிஞராக விளங்கிய பாரதன் குமரப்பா இவர்தம் இளவல்.

இளமையில் இலண்டன் சென்று கணக்காய்வுக் கல்வி பயின்று, அங்கேயே தொழிலும் புரிந்தார். முதல் உலகப்போருக்குப்பின் தாயகம் திரும்பிப் பம்பாயில் கணக்காய்வு நிறுவனம் ஒன்றை நடத்தினார். உடை, உணவு, பழக்கம் அனைத்தும் ஆங்கிலமயமாயிருந்தன. ஆங்கில ஆட்சி இறைவன் இந்தியாவுக்கு அளித்த நற்கொடை என்னும் எண்ணம் அக்காலத்துக் கிறித்தவக் குடும்பங்கள் பலவற்றில் வேரூன்றியிருந்தது. அந்தக் காற்றையே இவரும் சுவாசித்தார்.

1927இல் மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றதே திருப்புமுனையாயிற்று. சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றபின் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அந்நாளில் ஒரு தேவாலயத்தில் இந்தியாவின் வறுமையைப் பற்றி அவர் ஆற்றிய உரை நாளிதழில் வெளியாயிற்று. அதனைக் கண்ட பேராசிரியர் செலிக்மன், அப்பொருளையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளுமாறு பணித்தார். இந்தியாவின் பொது நிதியை ஒரு கணக்காய்வாளரின் கண்ணோடு ஆராயப் புகுந்த குமரப்பாவுக்கு, ஏடுகளில் வரவாகவும் செலவாகவும் எழுதப்பட்டிருந்தவை குடியானவனின் வயிற்றிலிருந்து பிடுங்கப்பட்டவை என்பது தெளிவாயிற்று. மேடைப் பேச்சு எதனாலும் மாறாத மனம் கணக்கேட்டினால் மாறிற்று. பின்னாளில் எந்த அரசைக் குறித்தும் அவர் கேட்ட முதற்கேள்வி, அதன் வரவு எவரிடமிருந்து வருகிறது, செலவு எவருக்குச் செல்கிறது என்பதேயாகும்.

நாடு திரும்பி, 1929 மே திங்களில் சபர்மதி ஆசிரமத்துக்குச் சென்றார். சாணமிட்டு மெழுகிய தரையில் மரத்தடியில் நூல் நூற்றுக்கொண்டிருந்த முதியவரைக் கண்டு, குறித்த நேரம் வரட்டும் எனக் காத்து நின்றார். அம்முதியவரே காந்தியடிகள் என அறிந்ததும், இறுகிய மேனாட்டுக் கால்சட்டையுடனேயே தரையில் அமர்ந்தார். அச்சந்திப்பை ஒட்டிய காலத்தில் கொர்னேலியஸ் என்னும் பெயர் நீங்கி, முன்னோர் பெயராகிய குமரப்பா நிலைத்தது. கிறித்துவை அவர் விடவில்லை. கிறித்துவைச் சுற்றியிருந்த ஆங்கில உடையையே களைந்தார்.

திருச்சபையை நோக்கி ஒரு கேள்வி

குசராத்தின் மாதர் வட்டத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊர்களை ஆராய்ந்து, நிலவரி உழவனை எவ்வாறு நசுக்குகிறது என்பதை அறிக்கையாக்கினார். 1930இல் உப்பு அறப்போர் மூண்டது. காந்தியடிகள் சிறைப்பட்டபின் ‘யங் இந்தியா’ இதழின் பொறுப்பைக் குமரப்பா ஏற்றார்.

அறப்போராளிகள்மீது தடியடி நடந்துகொண்டிருந்த அவ்வேளையில், இந்தியாவின் ஆங்கிலிக்கத் திருச்சபைக்குத் தலைவராய்க் கல்கத்தாவில் வீற்றிருந்த பேராயர் ஃபாஸ் வெஸ்ட்காட், சட்டமறுப்பு கிறித்தவ நெறிக்கு மாறானது என்னும் கருத்தை வெளியிட்டார். குமரப்பா வாளாவிருக்கவில்லை. பேராயருக்கு வெளிப்படையாக மறுப்பு எழுதினார். கிறித்தவ ஊழியருக்கும் மிஷனரிமாருக்கும் வேண்டுகோள் விடுத்தார். இயேசு பெருமான் தம் காலத்து ஆட்சியாளரின் தயவை நாடியவர் அல்லர். நிராயுதபாணிகள் அடிபடும்போது அடிப்போரைக் கண்டியாது, அடிபடுவோர்க்குக் கீழ்ப்படிதலைப் போதிப்பது அவர் பெயரால் நடக்கக்கூடாது என்பது அவரது வாதத்தின் சாரம்.

இவ்வாதத்தின் எடையை உணர அக்காலத்து நடைமுறை ஒன்றை அறிதல் வேண்டும். முதல் உலகப்போருக்குப்பின், பிரிட்டிசார் அல்லாத வெளிநாட்டு மிஷன்கள் இந்தியாவில் பணிபுரிய வேண்டுமானால், முறைப்படி அமைந்த அரசுக்கு உரிய பணிவு காட்டுவதாகவும், அரசியலில் தலையிடாது தம் செல்வாக்கை அரசோடு ஒத்துழைக்கும் வகையில் பயன்படுத்துவதாகவும் உறுதி அளித்தல் வேண்டும். அமெரிக்க மதுரை மிஷனும் இவ்விதிக்கு உட்பட்டதே. இவ்வுறுதியின் முட்கள் எங்கே குத்தும் என்பதை நம் பகுதியே கண்டது.

அம்மிஷனைச் சார்ந்து 1925இல் வந்த இளைஞர் ரால்ஃப் ரிச்சர்டு கைத்தான். காந்தியடிகளின் கடிதத்தை வைசிராயிடம் கொண்டு சேர்த்த ஆங்கிலேயரான ரெஜினால்டு ரெய்னால்ட்ஸ் என்னும் குவேக்கர் அன்பர், கதருடையில் மதுரைப் பக்கம் வந்தபோது, கைத்தான் அவரைத் தம் இல்லத்தில் விருந்தினராக ஏற்றார். அவ்விருந்தோம்பலின் விளைவாக 1930இல் கைத்தான் இந்தியாவை விட்டே செல்ல நேர்ந்தது. மீண்டும் வந்தவர் 1944இல் மறுமுறையும் வெளியேற்றப்பட்டார். தெய்வத்துக்கு ஊழியம் செய்ய வந்தவர் எவருக்குச் சோறிடலாம் என்பதையும் அரசே முடிவு செய்த காலம் அது.

இரு நூல்கள், ஒரே சிறை

குமரப்பாவின் அடுத்த இருபது ஆண்டுகள் சிறைக்கும் சிற்றூருக்கும் இடையே கழிந்தன. 1934இல் பீகார் நிலநடுக்கத் துயர்துடைப்பு நிதியின் கணக்கைக் கவனிக்கும் பொறுப்பு அவருக்கு வாய்த்தது. தொண்டர் ஒருவரின் உணவுச் செலவுக்கு நாளொன்றுக்கு மூன்று அணா என வரையறுத்தார். காந்தியடிகளும் அவருடன் வந்தோரும் பீகாருக்கு வந்தபோது, அவர்களது செலவை அந்நிதியிலிருந்து தர இயலாது என்று மறுத்துவிட்டார். தலைவர் என்பதற்காகத் தராசு சாயக்கூடாது என்னும் உறுதி அது. அதே ஆண்டின் இறுதியில் அகில இந்தியக் கிராமத் தொழிற்சங்கம் தோன்றியபோது அதன் செயலாளராக அவரையே காந்தியடிகள் தேர்ந்தார். வார்தாவின் மகன்வாடி அவரது பணிக்களமாயிற்று.

முதலாளித்துவத்தைக் கண்டித்த குமரப்பா, அக்காலத்து அறிஞர் பலரைப்போல அதற்கு மாற்றாகப் பொதுவுடைமை அரசைக் கைகூப்பி வரவேற்றவர் அல்லர். ஆக்கத்தை ஓரிடத்தில் குவித்தால் அதிகாரமும் ஓரிடத்தில் குவியும். குவிந்த அதிகாரம் முதலாளியின் கையில் இருப்பினும் கட்சியின் கையில் இருப்பினும், உழைப்பவனின் தனித்தன்மையை அது நசுக்கும் என்று 1936இலேயே எழுதினார். ஓநாய்க் கூட்டம்போல வேட்டைக்கென ஒன்றுதிரளும் நாகரிகங்கள் என்னும் பிரிவில், ஏகாதிபத்தியத்துடன் பொதுவுடைமையையும் அவர் சேர்த்து வைத்தார்.

1942ஆம் ஆண்டுப் போராட்டத்தையொட்டிச் சிறைப்பட்ட நாட்களில் இரு நூல்களை எழுதினார். ஒன்று நிலைத்த பொருளியலைப் பற்றியது. மற்றொன்று இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றியது. அழித்து உண்ணும் புலி, பிறர் உழைப்பைப் பறிக்கும் குரங்கு, தானே கூடுகட்டும் பறவை, கூட்டாக உழைக்கும் தேனீ, கைம்மாறு கருதாது குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவை எனப் படிப்படியாக உயரும் பொருளியல் நிலைகளை முதல் நூல் காட்டிற்று. இறைப்பற்று என்பது அயலாருக்கு ஆற்றும் தொண்டாக வெளிப்படாவிடில் அது வெறுஞ்சடங்கே என்பதை இரண்டாம் நூல் வலியுறுத்திற்று. உண்மையில் இரண்டும் ஒரே நூல். தாய்ப்பறவையே இரண்டிற்கும் தலைவி. இவற்றைக் கண்ட காந்தியடிகள், இறையியலுக்கும் கிராமத் தொழிலுக்கும் சேர்த்தே அவருக்கு மதிப்பியல் முனைவர் பட்டங்களை நகைச்சுவையுடன் வழங்கினார்.

திண்டுக்கல்லிலிருந்து பீகிங் வரை ஒரு சொல்

விடுதலைக்குப்பின் காங்கிரசு அமைத்த நிலச்சீர்திருத்தக் குழுவுக்குக் குமரப்பா தலைவரானார். 1949இல் வெளியான அதன் அறிக்கை இடைத்தரகரை நீக்கவும், நிலவுடைமைக்கு உச்சவரம்பு கட்டவும், ஆறாண்டு தொடர்ந்து உழுதவனுக்கு நிலத்தில் உரிமை வழங்கவும் பரிந்துரைத்தது. பரிந்துரைகளில் பெரும்பாலானவை ஏட்டிலேயே உறங்கின. அந்த ஏமாற்றத்தின் நடுவில், 1951ஆம் ஆண்டின் பிற்பகுதியில், பண்டித சுந்தர்லால் தலைமையில் சென்ற நல்லெண்ணக் குழுவில் ஒருவராய் அவர் சீனம் சென்றார்.

அவர் சென்றிறங்கிய சீனத்தில் சீர்திருத்தச் சபைகளின் நிலை என்ன? இதனை அறிய நாம் மீண்டும் நம்மூர் மிஷனின் வரலாற்றுக்குத் திரும்ப வேண்டும். மதுரை மிஷனை அனுப்பிய அமெரிக்கச் சங்கத்தின் அயல்நாட்டுச் செயலாளராக 1832 முதல் 1866 வரை விளங்கியவர் ரூஃபஸ் ஆண்டர்சன். 1854–55இல் அவர் இந்தியாவுக்கே வந்து மிஷன் பணிகளைப் பார்வையிட்டார். உள்நாட்டுச் சபை தன்னைத்தானே ஆளவும், தன்னைத்தானே தாங்கவும், தன் நற்செய்தியைத் தானே பரப்பவும் வேண்டும்; வெளிநாட்டு மிஷனரி நிரந்தரமாகத் தங்குபவர் அல்லர் என்பது அவர் கொள்கை. இங்கிலாந்தின் ஹென்றி வென் என்பாரும் அதே காலத்தில் இதனையே வற்புறுத்தினார். தன்னாட்சி, தன்னிறைவு, தன்பரப்பல் என்னும் இம்மூன்றும் திண்டுக்கல் சபைகளை ஆண்ட கொள்கையின் பகுதி.

நூறாண்டு கழித்து, அதே மூன்று சொற்களைச் சீனத்தின் பொதுவுடைமை அரசு சபைகளின் கையில் கொடுத்தது. 1950 மே திங்களில் பிரதமர் சூ என்லாய் சீர்திருத்தச் சபைத் தலைவர்களைப் பலமுறை சந்தித்தார். அவ்வாண்டு சூலையில் அவர்கள் ஓர் அறிக்கையை வெளியிட்டனர். திருச்சபை ஏகாதிபத்தியத்தின் கறையைக் களைய வேண்டும், வெளிநாட்டுப் பொருளையும் ஆளையும் நாடாது நிற்க வேண்டும், புதிய அரசை ஆதரிக்க வேண்டும் என்பன அதன் கூறுகள். பத்து இலட்சத்தை எட்டாத அச்சபையினருள் சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேரின் ஒப்பம் அதில் சேர்ந்தது. கொரியப் போர் மூண்டதும் அமெரிக்கப் பணம் தடைப்பட்டது, மிஷனரிகள் வெளியேறினர். 1951 ஏப்ரலில் பீகிங்கில் கூடிய மாநாட்டில், சபைத் தலைவர்களே தம் முன்னாள் மிஷனரி நண்பர்களையும் உடன் ஊழியர்களையும் மேடையேறிக் குற்றம் சாட்டினர். குமரப்பா அந்நாட்டில் கால்வைத்தது அதற்குச் சில திங்கள் கழித்தே.

அவ்வறிக்கையின் பின்னிருந்தவர் வூ யாவோசோங். இவரது வாழ்வு குமரப்பாவின் வாழ்வுக்கு எதிரே வைத்த கண்ணாடி போன்றது. இவர் பிறந்த ஆண்டு 1893. குமரப்பாவுக்கு ஓராண்டு இளையவர். அவரும் நியூயார்க்கில் பயின்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். அவரும் காந்தியடிகளால் ஈர்க்கப்பட்டவர். சத்திய சோதனையைச் சீன மொழியில் பெயர்த்தவர். போரை அடியோடு மறுத்த அகிம்சையாளராகவே நெடுங்காலம் வாழ்ந்தவர். சப்பானியப் படையெடுப்பும் உள்நாட்டின் பசியும் அவரை மாற்றின. ஏழைக்கு நிலம் கொடுக்கும் அரசே இயேசுவின் இலக்கை நோக்கி நடக்கும் அரசு என்னும் முடிவுக்கு வந்தார். குமரப்பா காந்தியுடன் நின்றார். வூ மாவோவின் அரசுடன் நின்றார். இருவரையும் இயக்கியது ஒரே பசித்த வயிறுதான்.

கண்டதும் காணாததும்

சீனத்தில் குமரப்பா கண்டவை அவரைக் கவர்ந்தன. உழுதவனுக்கு நிலம் சென்றிருந்தது. அயல்நாட்டுக் கடனை எதிர்பாராது மக்களின் உழைப்பையே மூலதனமாகக் கொண்டு பணிகள் நடந்தன. இந்தியாவில் தம் அறிக்கை தூசிபடிந்து கிடக்க, அங்கே நிலச்சீர்திருத்தம் ஈராண்டில் நடந்தேறுவதைக் கண்ட அந்த முதியவரின் மனநிலையை நாம் எண்ணிப்பார்க்கலாம். கண்டதையும் கற்றதையும் நூலாக்கினார். 1952இல் சோவியத் நாட்டிற்கும் சென்றார்; இரும்புத் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்த பார்வையென அதனையும் பின்னர் எழுதினார். இந்தியாவின் ஊரக வளர்ச்சித் திட்டங்களுக்கு அமெரிக்க உதவி வருவதை அவர் கடுமையாக எதிர்த்ததும் இக்காலத்திலேயே. குமரப்பா பொதுவுடைமையர் ஆகிவிட்டார் என்னும் முணுமுணுப்பு எழுந்தது.

அது உண்மையன்று. வன்முறையை அவர் ஒருபோதும் ஏற்கவில்லை. அதிகாரக் குவிப்பைப் பற்றிய தம் பழைய கருத்தையும் கைவிடவில்லை. ஆயினும் இன்று பின்னோக்கி நோக்கும் நாம் நேர்மையுடன் ஒன்றைச் சொல்ல வேண்டும். பொதுவுடைமை நாடுகளைப் பற்றிய அவரது எழுத்து நினைக்கப்படுவது அவற்றின் நிலச்சீர்திருத்தத்தையும் தற்சார்பையும் பாராட்டியதற்காகவே. அங்கிருந்த சபைகளுக்காக எழுப்பிய குரலுக்காக அன்று. 1930இல் பேராயரை நோக்கி அவர் எழுப்பிய அதே கேள்வி, பீகிங்கிலும் எழுப்பத்தக்க நிலையிலேயே இருந்தது. ஆங்கில அரசு மிஷன்களிடம் வாங்கிய உறுதிமொழியையும் சீன அரசின் ஆதரவோடு பரவிய அறிக்கையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று ஏகாதிபத்தியத்துக்காக எழுந்தது; மற்றொன்று ஏகாதிபத்தியத்துக்கு எதிராக எழுந்தது. இரண்டும் சபையிடம் கேட்டது ஒன்றே: இராயனுக்கு ஆம் என்று சொல்.

ஆம் என்று சொல்லாத ஒருவர் அப்போது பீகிங்கிலேயே இருந்தார். அவர் பெயர் வாங் மிங்தாவ். அவரது சபை எந்த வெளிநாட்டு மிஷனின் பணத்தையும் பெறாதது. சீனரே கட்டி, சீனரே தாங்கி, சீனரே நடத்தியது. தன்னாட்சியும் தன்னிறைவும் தன்பரப்பலும் அங்கே முன்பே நிறைவேறியிருந்தன. சப்பானியர் பீகிங்கை ஆண்டபோது, தம் மேற்பார்வையில் அமைத்த சபைக் கூட்டமைப்பில் சேருமாறு வற்புறுத்தினர், அவர் மறுத்தார். பொதுவுடைமை அரசின் கீழ் அமைந்த தற்சார்பு இயக்கத்தில் சேரவும் அவர் மறுத்தார். 1955 ஆகத்தில் கைதானார். அச்சத்தால் ஒருமுறை மனம் தளர்ந்து, குற்றத்தை ஒப்புக்கொண்டு வெளிவந்தார். பின் அதற்காக வருந்தி அதனை மறுத்து, 1958இல் மீண்டும் சிறை புகுந்தார். 1980இல்தான் விடுதலை கிட்டியது. உண்மையில் தற்சார்புடன் வாழ்ந்த சபையின் போதகரே தற்சார்பு இயக்கத்தில் சேராமைக்காகச் சிறையில் முதுமை எய்தினார் என்பதைக் காட்டிலும் கசப்பான முரண் வேறு யாது?

ஆம் என்று சொன்ன வூ யாவோசோங்குக்கும் நிழல் கிடைக்கவில்லை. 1966இல் பண்பாட்டுப் புரட்சி தொடங்கியபோது, அரசை ஆதரித்த சபைகளும் எதிர்த்த சபைகளும் ஒன்றுபோலவே மூடப்பட்டன. வூவும் இழிவுபடுத்தப்பட்டு, உடலுழைப்புக்கு உட்படுத்தப்பட்டார். தேவாலயங்கள் மீண்டும் திறக்கத் தொடங்கிய 1979ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

சோவியத் நாட்டின் நிலை வேறுவகையில் குமரப்பாவின் நெஞ்சைத் தொடுவது. 1944இல் அங்குப் பாப்திஸ்தரும் நற்செய்திச் சபையினரும் அரசு ஏற்ற ஒரே மன்றத்தில் இணைக்கப்பட்டனர், வழிபாடு அனுமதிக்கப்பட்டது. ஆயின் 1929ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருந்தது. சபைகள் ஏழைகளுக்கு உதவி நிதி திரட்டுதல் ஆகாது. கூட்டுறவு அமைத்தல் ஆகாது. சிறுவர்க்கெனத் தனிக்கூட்டம் நடத்துதல் ஆகாது. படிப்பகமும் மருத்துவ உதவியும் ஆகா. நான்கு சுவர்க்குள் பாடலாம், செபிக்கலாம், அவ்வளவே. இயேசுவின் நெறி என்பது தொண்டே என்று சிறையிலிருந்து எழுதியவர் குமரப்பா. அவர் வெறுஞ்சடங்கு என்று கருதியதை அச்சட்டம் அனுமதித்தது. அவர் சமயம் என்று கருதியதை அது தடை செய்தது. மகன்வாடியை மாஸ்கோவில் நடத்தியிருந்தால் முதல் நாளே அது பூட்டப்பட்டிருக்கும்.

கல்லுப்பட்டிக் குடில்

உடல்நலம் குன்றிய நிலையில், 1950களின் நடுவில், கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்துக்குக் குமரப்பா வந்து சேர்ந்தார். திருமணம் செய்துகொள்ளாதவர், உடைமை என்று ஏதும் சேர்க்காதவர். அவரது குடிலில் எளிய உழவன் ஒருவனின் படம் தொங்கியது. தம் தலைவர் காந்தி. அத்தலைவருக்கும் தலைவன் இவன் என்று வருவோர்க்கு அவர் விளக்குவார் என்பது அவரை அறிந்தோர் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

அவர் நோயுற்றிருந்த அந்நாட்களில்தான் மேற்கு மலைக்கு அப்பால், கேரளத்தில், 1957 ஏப்ரலில் பொதுவுடைமைக் கட்சி வாக்குப்பெட்டியின் வழியே ஆட்சி ஏறியது. கல்விச் சட்டத்தை முன்னிட்டுத் திருச்சபைகளும் பிற சமூக அமைப்புகளும் போராட, 1959 சூலை 31ஆம் நாள் மைய அரசு அவ்வாட்சியைக் கலைத்தது. இங்கே செங்கொடி ஆட்சியால் சபையின் வாயை அடைக்க இயலவில்லை. சபையின் குரலும் சேர்ந்து அவ்வாட்சி வீழ்ந்தது. அவ்வாறு வீழ்த்தியதும் நேரிய செயலா என்பது இன்றளவும் விவாதிக்கப்படுகிறது. வாக்குரிமையும் வழக்குமன்றமும் உள்ள நாட்டில் இராயனும் வரம்புக்குட்பட்டவன் என்பது மட்டும் விளங்கும்.

1960 சனவரி 30ஆம் நாள், தம் தலைவர் மறைந்த அதே நாளில், சென்னை மருத்துவமனையில் குமரப்பா மறைந்தார்.

அவர் வாழ்வு நமக்குக் கூறுவது யாது? பசித்தவனை மறந்து ஆட்சிக்குத் துதிபாடும் சபையை அவர் அஞ்சாது கடிந்தார். அது அவரது பெருமை. பசித்தவனுக்குச் சோறிடும் ஆட்சி, அச்சோற்றுக்கு விலையாக மனச்சான்றைக் கேட்கும்போது அதனையும் அவ்வாறே கடிதல் வேண்டும். இதனை அவர் வாழ்நாள் முழுமையாகக் காட்டவில்லையாயினும், அவரது கணக்கு முறை காட்டுகிறது. வரவு எவரிடமிருந்து, செலவு எவருக்கு என்று கேட்டவர் அவர். நிலம் ஒருபக்கம் வரவு வைக்கப்பட, வாங் மிங்தாவின் இருபது ஆண்டுகளை எப்பக்கத்தில் எழுதுவது என்று அக்கணக்கு நம்மைக் கேட்கிறது. பீகாரில் காந்தியடிகளுக்காகவே தராசைச் சாய்க்க மறுத்தவரின் மாணாக்கர், மாவோவுக்காகவோ பேராயருக்காகவோ அதனைச் சாய்த்தல் ஆகாது.

இதற்கு நம் மண்ணிலேயே ஒரு சான்று முளைத்தது. இருமுறை வெளியேற்றப்பட்ட கைத்தான், 1947இல் நாடு விடுதலை பெற்றதும் திரும்பி வந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 27ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, மதுரை மிஷனின் சபைகள் அதில் இணைந்தன. சின்னாளப்பட்டிக்கு அருகே காந்திகிராமம் தோன்றியதும் அவ்வாண்டிலேயே. கைத்தான் காந்திகிராமத்தோடும் பூதான இயக்கத்தோடும் ஒன்றி, 1984இல் மறையும்வரை கதருடையில் நம் ஊர்களிலேயே உழன்றார். 1955இல் ஒட்டன்சத்திரத்தில் தோன்றி, இன்று சி.எப். மருத்துவமனை என மக்கள் அழைக்கும் மருத்துவமனைக்கும் அவர் ஊக்கம் துணைநின்றது. சபை தன் காலில் நிற்கவும், நின்றபடியே ஏழைக்குத் தொண்டு செய்யவும், அவ்விரண்டிற்கும் எந்த அரசிடமும் விலைச்சீட்டு பெறாதிருக்கவும் இயலும் என்பதற்கு இவை அடையாளம்.

ஞாயிறு காலையில் தேவாலயத்திலும் மே நாளில் செங்கொடியின் கீழும் நிற்கும் நம் தோல் தொழிலாளிக்கு இவ்விரண்டும் முரணாகத் தோன்றவில்லை. தோன்றாமைக்குக் காரணம், இரண்டிடத்தும் அவர் தாமே விரும்பிச் சென்று, வேண்டியபோது எழுந்து வெளிவரும் உரிமையுடையவராக இருத்தலே. அவ்வுரிமை உள்ளவரை அவர் கையில் உள்ள வேதபுத்தகமும் கொடியும் ஒன்றையொன்று அஞ்ச வேண்டுவதில்லை. கல்லுப்பட்டிக் குடிலில் தொங்கிய படத்தில் இருந்தவரும் அவரே. இராயனுக்கு உரியதை அளந்து கொடுக்கும் தராசு அவர் கையிலேயே இருத்தல் வேண்டும்.